பதினேழாம் அறையில் ஒரு ஏணி

என் அண்ணனுக்குப் ‘பசை’ என்று பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர். அண்ணன் அச்சாபீசில் பக்கம் ஒட்டுகிறவர். எப்போது பார்த்தாலும் விரல் நுனியில் பசை காய்ந்து தோல் மாதிரி உரிந்துகொண்டிருக்கும். சாப்பிட உட்காரும்முன் அதைச் சுரண்டி எடுப்பதற்கே கால் மணி நேரம் ஆகும். குணமும் அப்படித்தான், ஒட்டினால் ஒட்டினதுதான். ஒரே ஆபீஸ், ஒரே நாற்காலி, ஒரே நண்பன். அந்த ஒரே நண்பனைத்தான் நான் கட்டிக்கொண்டேன். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது வாயைப் பிடுங்கினால், "பொண்ணு பாக்கப் போகத் துணைக்கு ஒருத்தன் இருந்தான், அவனையும் என் தங்கச்சி இழுத்துக்கிட்டுப் போயிட்டா" என்பார் அண்ணன். இந்தப் பதிலை நானே நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

அவர்கள் இருந்த ஆபீஸ் மேசை விளையாட்டுப் புத்தகம் போடுகிற ஆபீஸ். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தி கப்பல்காரி, ஒருவன் திருடன், இன்னொருவன் வைத்தியன். "இருட்டா ஒரு அறை, மூலையில ஏதோ அசையுது, என்ன செய்றீங்க?" என்று நடத்துபவர் கேட்பார். இவர்கள் செய்வதை வாயால் சொல்வார்கள். சொன்னது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை உருட்டிப் பார்ப்பார்கள். எந்த அறையில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கும் சாகசப் புத்தகம் நடத்துபவர் கையில் மட்டும் இருக்கும். அந்தப் புத்தகங்களை எழுதுவது என் வீட்டுக்காரர் வேலை. ஒட்டுவது அண்ணன் வேலை.

வளர்ந்த ஆட்கள் இப்படி உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து முதலில் நானும் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு நானே கப்பல்காரியானேன். நாலு வருஷம் அவளாகவே இருந்தேன். வீட்டில் எனக்கு வராத துணிச்சலெல்லாம் அவளுக்கு வரும்.

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் இவர் எழுதியதுதான் ‘நீரேறும் மாளிகை’. ஆற்று நடுவில் ஒரு பழைய மாளிகை. உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தைத் தேடிப் போகிறார்கள். போனதும் கதவு அடைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் தண்ணீர் ஒரு படி ஏறும். ஆறாவது மணி அடித்தால் கதை முடிந்தது. மொத்தம் இருபத்து நாலு அறை. வரைபடத்தில் இருபத்து நாலும் இருக்கின்றன. புத்தகத்தில் பதினாறாம் அறை முடிந்ததும் பதினெட்டாம் அறை வருகிறது. பதினேழு கிடையாது.

அந்தப் புத்தகத்தின் பேர் ஊரெல்லாம் பரவியதே இதனால்தான். பதினேழில் என்ன இருக்கிறது என்று கேட்டு மூட்டை மூட்டையாகக் கடிதம். ஆட்டம் நடத்துகிறவர்கள் அவரவர் இஷ்டத்துக்கு எதையாவது அங்கே வைத்தார்கள். ஒருத்தர் பாம்பு, ஒருத்தர் பேய், ஒருத்தர் வெறும் சுவர். எதை வைத்தாலும் முடிவு ஒன்றுதான். அந்த மாளிகையிலிருந்து உயிரோடு வெளியே வர வழியே இல்லை. வந்தவர் ஒருத்தரும் இல்லை. எழுதியவர் வேண்டுமென்றேதான் காலியாக விட்டார், ஈவிரக்கமில்லாத மேதை என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

என் கப்பல்காரியும் அங்கேதான் செத்தாள். அச்சாவதற்கு முன்பு ஒத்திகையாக ஆடினபோது ஒன்பதாம் அறையிலேயே ஆட்டம் நின்றுவிட்டது, தப்பித்தேன். புத்தகம் வந்த பிறகு பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் ஆடினேன். பதினேழாம் அறைக் கதவைத் திறந்தேன். நடத்தினவர் உதட்டைப் பிதுக்கி, "இங்க ஒண்ணும் எழுதலைங்க" என்றார். ஆறாவது மணி அடித்தது. நாலு வருஷம் நான் வாழ்ந்த வாழ்க்கை மூழ்கிப்போனது. பைத்தியம் மாதிரி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

"ஒருத்தர்கூட வெளிய வர முடியாத மாதிரி எதுக்கு எழுதினீங்க? மனுஷனா நீங்க? கல்நெஞ்சு!" என்று கத்தினேன்.

இவர் சிரித்தார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இரண்டு நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கோபம் போனது, ஆனால் பெயர் நின்றுவிட்டது. கல்நெஞ்சு, சாப்பிட வாங்க. கல்நெஞ்சு, குடையை எடுத்துக்கிட்டுப் போங்க. இருபத்து நாலு வருஷம் அப்படித்தான் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசி நாள் காலையில் அவர் கிடந்தபோதும், "என்ன கல்நெஞ்சு, மருந்து அப்படியே இருக்கு?" என்றுதான் கேட்டேன். அப்போதும் சிரித்தார்.

மாளிகைக்குப் பிறகு அவர் இரண்டு புத்தகம் எழுதினார். இரண்டும் சாதுவான கதைகள், எல்லோரும் பிழைத்து வருகிற கதைகள். வாசகர்கள் கைவிட்டார்கள். பழைய கொடூரம் எங்கே போயிற்று, மனுஷன் மழுங்கிவிட்டார் என்று எழுதினார்கள். அதோடு பேனாவை மூடி வைத்துவிட்டு, குடிநீர் வாரியத்தில் எழுத்தர் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். ஏன் எழுதுவதில்லை என்று கேட்டதற்கு, "அவங்க கேக்குறது எங்கிட்ட இல்லைம்மா" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

போன வருஷம் ஆபீசிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டார்கள். அண்ணனுக்கு எழுபத்தொரு வயது. என் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். பழைய முதலாளி இல்லை, அவர் மகள்தான் இப்போது எல்லாம் பார்க்கிறார். மேடம் என்போம். மாளிகையைப் புதிய ஆட்களுக்கு ஏற்ற மாதிரி திருத்தி மறுபடி போட வேண்டும், அந்தக் காலத்து ஆள் என்று மிச்சம் இருப்பது நீங்கள் ஒருத்தர்தான் என்று அவர் சொன்னாராம். அண்ணன் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டு வந்தார். எனக்குச் சந்தோஷம். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து என் உயிரை வாங்கிக்கொண்டிருந்த மனுஷனுக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று.

சும்மா சொல்லக்கூடாது, முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் போயிற்று. சாப்பாட்டு மேசையை அண்ணன் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் பழைய புத்தகம், ஒரு பக்கம் வெள்ளைத் தாள், நடுவில் பகடை. அவருக்குக் கை நடுங்கும் என்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பழைய விதிப்படி ஒரு அடி வாங்கினாலே ஆள் காலி. புது விதிப்படி மூன்று முறை தப்பிக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அறைக்கு அறை பகடை எண்களை மாற்றினோம். இவர் ஒரு பக்கத்துக்கு வர்ணித்த இடத்தை, நடத்துபவர் மூச்சு விடாமல் வாசிக்கிற மாதிரி நாலு வரியில் சுருக்கிக் கட்டத்துக்குள் போட்டோம். ‘அசட்டுக் கேள்வி கேட்பவனைத் தவளையாக்கவும்’ என்று ஓரிடத்தில் இருந்தது. புது ஆள் கேட்பது எல்லாமே அசட்டுக் கேள்விதான், ஊரே தவளையாகிவிடும் என்று அதை அடித்தோம். அடிக்க எனக்கு மனசே வரவில்லை. அவர் குரல் அது.

பதினாறாம் அறை முடிந்த அன்று அண்ணன் பேனாவை மூடச் சொன்னார். நாலு நாள் மேசைப் பக்கமே வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பார்த்தால் நன்றாகத்தான் இருந்தார். வாசல் கேட்டுக்கு எண்ணெய் போட்டார். போட்ட கேட்டுக்கே மறுபடியும் போட்டார். ஐந்தாம் நாள் காலையில், பொத்தான் போட்டு வைக்கும் தகர டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"பாப்பா, திட்டுறதா இருந்தா எல்லாத்தையும் கேட்டுட்டுத் திட்டு."

டப்பாவுக்குள் ஒரு துண்டுக் காகிதம். அகலம் நாலு விரல். பழுத்து ஓரமெல்லாம் பசை காய்ந்து விறைத்துக் கிடந்தது. பதினொரு வரி அச்செழுத்து. மேலே ‘17’ என்று இருந்தது.

அண்ணன் சொன்னது இது. அந்தக் காலத்தில் எழுத்து நீள நீளமான காகிதமாக வரும். அதைப் பிளேடால் துண்டு துண்டாக வெட்டி, பின்னால் பசை தடவி, பக்க அளவு அட்டையில் ஒட்ட வேண்டும். ஒரு பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம், இரண்டு தாள் மடித்தால் முப்பத்திரண்டு. முப்பத்து மூன்றாவது பக்கம் என்று ஒன்று கிடையாது. மாளிகை பதினொரு வரி கூடிப்போய் முப்பத்து மூன்றாம் பக்கத்தில் வழிந்தது. முதலாளி கத்தினார். இவர் ஒரு எழுத்தையும் குறைக்க மாட்டேன் என்றார். அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டு, இரண்டு நாள் வரிக்கு வரி இடைவெளியை இழுத்தும் நெருக்கியும் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் ஒட்டி முடித்தால் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. முப்பத்திரண்டு பக்கம், ஒரு வரி கூடவில்லை, குறையவில்லை. தலைகால் புரியவில்லையாம் அவருக்கு. ஆபீஸ் முழுக்க அட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். "பாத்தீங்களா, கச்சிதமா உக்காந்திருச்சு." முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார். எப்படி உட்கார்ந்தது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பக்கம் ஒட்டுகிறவனுக்கு வருகிற புத்தி அது. பக்கம் நிறைந்துவிட்டால் வேலை சரி.

கடிதங்கள் வர ஆரம்பித்ததும் முதலாளி எல்லோரையும் நிற்கவைத்து, யார் விட்டது என்று கேட்டார். முந்தின மாதம்தான் வேறொரு புத்தகத்தின் மேலட்டையைத் தலைகீழாக அச்சடித்தவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அண்ணன் கையில் பிளேடோடு நின்றிருந்தார். இவர் அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்த்தாராம். பார்த்துவிட்டு, "நான்தான் சார். வேணும்னேதான் விட்டேன்" என்றாராம்.

அன்று சாயங்காலமே அண்ணன் எல்லா அட்டையையும் புரட்டித் தேடினார். வரைபடம் ஒட்டின அட்டையின் அடியில் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு இவரிடம் ஓடினார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"‘பத்திரமா வச்சுக்க மச்சான், அடுத்த பதிப்புல சேத்துடலாம்’னான். ‘உன் தங்கச்சிகிட்ட மட்டும் மூச்சு விடாதே, உன்னைக் கடிச்சுத் தின்னுடுவா’ன்னு சிரிச்சான். அடுத்த பதிப்பு வந்தப்ப முதலாளி சேக்க விடலை. காலியா இருக்கறதாலதான் ஓடுது, கை வைக்காதீங்கன்னுட்டார். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கவே இல்லை."

துண்டை எடுத்து வாசித்தேன். வாசித்ததை அப்படியே எழுதுகிறேன்.

‘17. இந்த அறையில் ஒரு ஏணி சாய்ந்திருக்கிறது. அதன் உச்சியில் வானம் தெரிகிறது. காவல் இல்லை. பொறி இல்லை. பகடை உருட்டச் சொல்லாதீர்கள். ஏறுகிறேன் என்று யார் சொன்னாலும் அவர் ஏறிவிட்டார். அடிபட்டவரைச் சுமந்து ஏறினாலும் ஏறிவிட்டார். ஆட்டம் நடத்துபவருக்கு: இவ்வளவு தூரம் வந்தவர்களை இங்கே ஒன்றும் செய்துவிடாதீர்கள். களைத்திருப்பார்கள்.’

நான் திட்டவில்லை. எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். அண்ணன்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம். இருபத்து நாலு வருஷம் கல்நெஞ்சு, கல்நெஞ்சு என்று கூப்பிட்டிருக்கிறேன். அந்த மனுஷன் ‘களைத்திருப்பார்கள்’ என்று எழுதினவர். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணனை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவர் கெட்ட பெயரோடு உட்கார்ந்துவிட்டார். எத்தனை பாத்திரம் கழுவினேன் என்று தெரியவில்லை.

"போடுங்க அதை," என்றேன் கடைசியில். "அந்தப் புத்தகத்துல அது வரணும். வராம நான் விடமாட்டேன்."

மேடத்திடம் இரண்டு பேருமாகப் போனோம். அவர் நல்ல பெண்மணி, அதையும் சொல்ல வேண்டும். காகிதத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், இரண்டு தடவை வாசித்தார். முன்னுரையில் தன் தப்பைத் தானே எழுதிவிடுவதாக அண்ணன் சொன்னார். மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க சொல்றதை நான் நம்புறேன். ஆனா புத்தகத்தைத் திருத்துறோம்னதுமே, பதினேழையும் தொடப்போறோம்னு யாரோ வெளிய சொல்லிட்டாங்க. கை வைக்காதேன்னு ஏற்கெனவே நூறு பேர் எழுதிட்டாங்க. இதைப் போட்டா ஆட்டம் நல்லா இருக்குமான்னு எனக்கு முதல்ல தெரியணும். புதுசா மூணு பேரை வச்சு ஆடிப் பாருங்க. அந்த ஏணியில ஒருத்தராவது ஏறி வெளிய வரட்டும், நான் போட்டுடறேன். யாருக்கும் உதவலைன்னா காலியாவே இருக்கட்டும்."

இதைவிட நியாயமாக யார் பேச முடியும்? ஏணி இருக்கிறது, பகடைகூட வேண்டாம், ஏறுகிறேன் என்று சொன்னால் போதும். வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஆபீசின் முன்னறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டம். மூன்று பேர் வந்தார்கள். ஒரு நர்ஸ், ஒரு பஸ் டிரைவர், ஒரு கணக்கு டீச்சர். மூன்று பேரும் பகடையைக் கையில் தொட்டதே அன்றுதான். அண்ணன் ஆட்டத்தை நடத்தினார். மணி அடிக்கிற வேலை எனக்கு. கால் மணிக்கு ஒரு தடவை, கண்ணாடிக் கோப்பையில் கரண்டியால் ஒரு தட்டு. மேடம் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

நன்றாக ஆடினார்கள். நர்ஸ் வைத்தியச்சி, நிஜத்தில் கட்டுப் போடுவது போலவே கேள்வி கேட்டுக் கேட்டுக் கட்டுப் போட்டாள். டிரைவர் கதவைக் கண்டால் உடைத்தார். டீச்சர் எத்தனை படி மூழ்கியிருக்கிறது, எத்தனை மிச்சம் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். மாட்டிக்கொண்டிருந்த குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நாலாவது மணிக்கு மூன்று பேரும், அந்தக் குடும்பமுமாக, பதினேழாம் அறைக் கதவுக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணன் துண்டுக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தார்.

"இந்த அறையில ஒரு ஏணி சாஞ்சிருக்கு. அதன் உச்சியில வானம் தெரியுது."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டிரைவர் சிரித்தார்.

"ஐயா, நாங்களும் நேத்து போன்ல படிச்சிட்டுத்தான் வந்திருக்கோம். இந்த வீட்டுல இருந்து யாருமே உயிரோட வந்ததில்லையாமே. ஏணியாம், வானமாம். யாருக்குக் காது குத்துறீங்க?"

"முதல் படியைக் கம்பால தட்டிப் பாக்கறேன்," என்றாள் டீச்சர்.

"ஒண்ணும் ஆகலை. மரப்படிதான்," என்றார் அண்ணன்.

"ரெண்டாவது படி?"

"அதுவும் மரம்."

"ஒவ்வொண்ணாத் தட்டிட்டே வரேன்."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தாவது மணிக்கு நேரமாகிவிட்டது. தட்டினேன். தண்ணீர் இடுப்பளவு என்று அண்ணன் சொன்னார். சுவரைத் தடவினார்கள். தரையைத் தோண்டினார்கள். வானம் என்பது கண்ணாடியில் வரைந்த ஓவியமோ என்று கேட்டார்கள். நடத்துபவர் ஆடுபவருக்கு யோசனை சொல்லவே கூடாது, அது அடிப்படை விதி. முப்பது வருஷத்தில் அண்ணன் அதை மீறி நான் பார்த்ததில்லை. அன்று மீறினார்.

"ஏறிடுங்கம்மா," என்றார்.

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தாள். "பாத்தீங்களா? இவரே ஏறச் சொல்றார். அப்ப நிச்சயமாப் பொறிதான்."

"பொறி இல்லைம்மா. நான் சொல்றேன்ல. சத்தியமா இல்லை."

"செம நடிப்பு ஐயா!" என்றார் டிரைவர். "கண்ணெல்லாம் கலங்குது பாருங்க. பெரிய ஆளுதான் நீங்க."

ஆறாவது மணிக்கு நேரமாயிற்று. நான் கரண்டியைத் தூக்கினவள் தட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். வயசானவள் கடிகாரம் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும். வாழ்க்கையில் நான் விளையாட்டில் ஏமாற்றினது அந்த ஒரு தடவைதான். கப்பல்காரிக்காகக்கூட ஏமாற்றியதில்லை. நர்ஸ் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. ஏறுகிறேன் என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"நான் வேணா முதல்ல..." என்று ஆரம்பித்தாள்.

"சும்மா இருங்க," என்றார் டிரைவர். "முப்பது வருஷமா ஒருத்தரும் தப்பிக்கலை. நமக்கு மட்டும் ஏணி போட்டுக் கொடுப்பாங்களா? திரும்பி பதினாறுக்கே போயிடலாம்."

நர்ஸ் தலையாட்டினாள். ஐந்து நிமிஷத்துக்கு மேலாகிவிட்டது. மேடம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தார். போதும் பாப்பா என்று அவர் கண் சொன்னது. நான் தட்டினேன்.

அவர்கள் கை தட்டினார்கள். செத்துப்போனவர்கள் மூன்று பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இவ்வளவு பிரமாதமாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை, கேள்விப்பட்டதைவிடக் கொடூரமாக இருக்கிறது, அந்த ஏணி வைத்த ஆளின் மூளைக்குக் கோயில் கட்டலாம் என்றார்கள். நர்ஸ் மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணனிடம் வந்தாள்.

"ஏறியிருந்தா என்ன ஐயா ஆயிருக்கும்?"

அண்ணன் துண்டுக் காகிதத்தை அவளிடம் நீட்டினார். அவள் நின்றபடியே வாசித்தாள். கடைசி வரியை இன்னொரு தடவை வாசித்தாள்.

"இப்படி எழுதியிருந்தா யாருங்க ஐயா நம்புவாங்க?" என்று கேட்டுவிட்டு, காகிதத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். குறையாகச் சொல்லவில்லை. அவளுக்கே வருத்தமாகத்தான் இருந்தது.

மேடம் வாசல் வரை வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க ஐயா" என்றார். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கே ஒட்டியிருந்தா ஏறியிருப்பாங்க பாப்பா. முதல் நாள் வந்தவங்க எல்லாரும் ஏறியிருப்பாங்க. நீயும் ஏறியிருப்பே."

அவர் சொன்னது உண்மை. இத்தனை வருஷத்தில் எத்தனை மேசைகளில் எத்தனை பேர் அந்தத் தண்ணீரில் போனார்கள், அவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்த வீட்டுக்கு ஒரு பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். இனி அங்கே யார் ஏணி வைத்தாலும் அது பொறிதான். இவர் எழுதிய நல்ல வார்த்தையை இவருடைய கெட்ட பெயரே விழுங்கிவிட்டது. அந்தப் பெயரைத் தினமும் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான்.

போன வாரம் புத்தகம் வந்தது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், உள்ளே வண்ணப் படங்கள். முதல் பக்கத்தில் என் வீட்டுக்காரர் பெயர், அதற்குக் கீழே ‘திருத்தியவர்’ என்று அண்ணன் பெயர். பின்னட்டையில், உயிரோடு யாரும் திரும்பாத மாளிகை என்று போட்டிருந்தார்கள். அண்ணன் மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். பதினேழில் நிறுத்தினார். மேலே எண் இருந்தது. கீழே வெள்ளையாக விட்டிருந்தார்கள். எழுதியவரின் புகழ்பெற்ற மௌனத்துக்கு மரியாதையாம்.

நான் தகர டப்பாவையும் பசைப் புட்டியையும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தேன். இந்த ஒரு பிரதியிலாவது அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டுமே என்று தோன்றியது. அண்ணன் துண்டை எடுத்து, அந்த வெள்ளை இடத்தின்மேல் வைத்துப் பார்த்தார். மெல்ல நகர்த்தி நகர்த்தி ஒருவழியாக நேராக்கினார். பிறகு அதைத் திரும்ப எடுத்து டப்பாவில் போட்டு மூடினார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். அறுபத்து நாலு. பழக்க தோஷம், கட்டைவிரலால் ஓரத்தை ஒரு தடவை தடவினார்.

"கச்சிதமா உக்காந்திருக்கு," என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அப்படியே புத்தகத்தின்மேல் குனிந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும், இவர் செத்த அன்றும்கூட, என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விரல் நுனி சுத்தமாக இருந்தது. சுரண்டி எடுக்க ஒன்றுமே இல்லை.